நான் எழுதாமல் விட்ட இருபது நிமிடம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் உனக்குச் சொன்ன பதில் தவறு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்ற பக்கங்களை நீ பஸ்ஸில் போகும்போதோ சாப்பாட்டு இடைவேளையிலோ மெதுவாகப் படித்துக்கொள்ளலாம், ஆனால் இந்த முதல் வரி திங்கட்கிழமைக்கு முன் உன்னிடம் சேர வேண்டும். கூரியர்காரர் சனிக்கிழமை காலை வந்துவிடும் என்றார். போனிலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். நான் தடுமாறியதும் நீ "பரவால்ல விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். நம் வீட்டில் பல பேச்சுகள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. எழுதினால் அப்படி நடுவில் நிறுத்த முடியாது. உன் அறையில் இருக்கும் பையன் எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை. என் விஷயத்தை அடுத்தவர் தெரிந்துகொள்வதை நான் எவ்வளவு வெறுப்பவள் என்று உனக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் இனி மூடி வைப்பதாக இல்லை.

நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன், ஞாபகம் நமக்கு வசதியாக மாறிக்கொள்ளும் முன்பு. "பாக்கிங்ல ஒரு பொண்ணுக்கு ரெண்டு வெரலு போச்சும்மா, பெல்ட்டுல மாட்டிக்கிச்சி" என்றாய். மூடித் தகட்டைக் கழற்றாமல் பெல்ட்டைத் துடைக்க வேண்டும் என்ற வரி உன் பொறுப்பில் இருக்கும் செய்முறை ஆவணத்தில் இல்லை என்றாய். அதை இப்போது சேர்த்து, போன வருடத் தேதியே போட்டு, அவள் முன்பு கையெழுத்துப் போட்ட தாளோடு சேர்த்துவைக்கச் சொல்கிறார்கள், திங்கட்கிழமை விசாரிக்க வருகிறார்கள், அதற்குள் வேண்டுமாம் என்றாய். "நான் இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்டா. வேலைல சேந்து எட்டு மாசம்தான் ஆவுது. மேல இருக்கறவங்க சொல்றாங்க, செஞ்சி குடுத்துட்டு உன் வேலையப் பாரு" என்றேன். நீ "சரிம்மா. சாப்ட்டியா?" என்று கேட்டாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் என்னுடைய வார்த்தைகள் அல்ல. பதினாறு வருடத்துக்கு முன்பு ஒருவர் என்னிடம் சொன்னவை. ஒரு வார்த்தை மாறாமல் என் வாயில் இருந்திருக்கின்றன.

உன் அம்மா இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தாள் என்ற கதையை நீ பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். பத்தொன்பது வயதில் கல்யாணம், இருபதில் நீ, டைப்பிங் ஹையர் பாஸ், தபால் வழியில் பி.காம்., ஒரு மருந்துத் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஆவணப் பிரிவுக்கே அதிகாரி ஆனாள் என்று. அந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. நான் உனக்குச் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி மட்டும் இருக்கிறது. அதிகாரி ஆனது அந்தப் பகுதியில்தான்.

அந்தத் தொழிற்சாலையில் இருமல் சிரப் காய்ச்சினார்கள். நான் சேர்ந்து மூன்றாவது வருடம், வெளியூர்க் கம்பெனி ஒன்று எங்களிடம் சரக்கு எடுக்க முன்வந்தது. ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்கிறோம் என்பதை எழுதி வைத்திருந்தால்தான் எடுப்போம் என்றார்கள். அதுவரை அங்கே எதுவும் எழுதப்படவில்லை, எல்லாம் ஆட்களின் கையில் இருந்தது. ஆங்கிலத்தில் பிழையில்லாமல் டைப் அடிக்கிறவள், நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறவள் என்பதற்காக மேலாளர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு மாதத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்றார். வேறொரு கம்பெனியின் ஆவணங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். பெயரை மாற்று, இயந்திரத்தை மாற்று, போதும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது, தம்பி. ஒரு வேலையைப் பிரித்துப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதில் ஒரு நிம்மதி இருந்தது. வீட்டில் எதுவும் அப்படி அடுக்காக நடப்பதில்லை. நாவல்கள் படித்துப் பழகியவளுக்கு, உணர்ச்சியே இல்லாத ஒரு வாக்கியம் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பது புதிதாக இருந்தது.

பெரும்பாலானவற்றை மேலே அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எழுதினேன். சிரப் காய்ச்சும் எஃகுத் தொட்டியைக் கழுவும் முறைக்கு மட்டும் கீழே போனேன். அந்த மாதிரித் தொட்டி பிரதி எடுத்த ஆவணத்தில் இல்லை. அங்கே இருந்தவர் சகாயம் அண்ணன். குருசுக்குப்பத்துக்காரர். பஞ்சாலையில் பல வருடம் இருந்துவிட்டு, அது மூடிய பிறகு இங்கே வந்தவர். தொட்டியை எல்லோரும் அண்டா என்பார்கள். தன்னிடம் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்கிறார் என்பதில் அவருக்கு ஒரே சந்தோஷம். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மொதல்ல அண்டாவுல தண்ணி ஊத்தி மூடிய இறுக்குவோம். ஸ்டீம் விடுவோம். நல்லா கொதிக்கும். அப்பறம் ஸ்டீம மூடுவோம். மூடிட்டு டீ குடிக்கப் போவோம்."

"சரி, அப்பறம்?"

"வந்து மூடியத் தொறப்போம்."

"டீய எல்லாம் எழுத முடியாதுண்ணே."

"ஏம்மா, டீ குடிக்கறது இன்னா குத்தமா? எழுது, எழுது. பாக்க வர்றவனுக்கும் ஒரு கப்பு குடுப்போம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலே போய் எழுதினேன்: நீராவி வால்வை மூடவும். மூடியைத் திறக்கவும். இரண்டும் அடுத்தடுத்த வரிகள். நடுவில் இருந்த டீயை எடுத்துவிட்டேன். ஏன் டீ என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் காரணம் சொல்லத் தோன்றவில்லை, அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்களும் அந்த நேரத்தில் டீக்குத்தான் போயிருப்பார்கள். வால்வை மூடினாலும் உள்ளே ஆவி அடைந்து கிடக்கும். கான்டீன் வரைக்கும் நடந்து, வரிசையில் நின்று, குடித்து, திரும்பி வருவதற்குள் அது அடங்கிவிடும். அந்தத் தொட்டியால் யாரும் அடிபடாமல் இத்தனை காலம் இருந்ததற்கு அந்த டீதான் காரணம். எனக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது.

ஆவணத்தைப் பிரிண்ட் எடுத்து, கடைசியில் தனித் தாளாக ஒரு பட்டியல் வைத்து, படித்தேன், புரிந்துகொண்டேன் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். ஆங்கிலத்தில் இருந்த அதை அவர்களில் ஒருவரும் படிக்கவில்லை, படிக்கவும் முடியாது. சகாயம் அண்ணன் தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, "நான் சொன்னதுதான இதுல இருக்குது?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அண்டாவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். வந்து பார்த்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். ஐந்தாறு மாதம் எதுவும் ஆகவில்லை, ஏனென்றால் யாரும் அந்தத் தாளைப் பார்த்து வேலை செய்யவில்லை. டீக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். கெட்டவர் இல்லை. எழுதியிருப்பதைப் போல நடக்க வேண்டும் என்று நம்பியவர், அவ்வளவுதான். என்னைப் போன்றவர்கள் விரும்பும் மாதிரியான ஆள். ஒரு நாள் அவசரச் சரக்கு. சகாயம் அண்ணன் வால்வை மூடிவிட்டு வெளியே நடந்தபோது கூப்பிட்டு நிறுத்தி, சுவரில் இருந்த தாளைக் காட்டி, "டீ எங்க எழுதியிருக்கு, காட்டு. அடுத்தது மூடியத் தொறக்கறதுதான். தொற" என்றாராம். சகாயம் அண்ணன் எழுதியிருப்பதற்கு மரியாதை கொடுத்துத் திறந்தார். நான் மேலே இருந்தேன். சத்தம் கேட்டுப் படிக்கட்டு வரை ஓடிவந்து, அதற்கு மேல் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரைத் தரையில் உட்காரவைத்து, வலது கையிலும் கழுத்திலும் கன்னத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர் கத்தவில்லை. "மூடிட்டுதான தொறந்தேன், மூடிட்டுதான தொறந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. உட்காரச் சொன்னார். "ஒரு வரி விட்டுப் போயிருக்கும்மா. சேத்துடு. தேதி பழசே இருக்கட்டும். கையெழுத்துத் தாள் தனியாதான இருக்கு, அது அப்படியே பின்னாடி இருக்கட்டும். எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். செஞ்சி குடுத்துட்டு உன் வேலையப் பாரு" என்றார். எத்தனை நிமிடம் என்று எழுதுவது எனக்குத் தெரியவில்லை. கீழே போய் இன்னொரு ஆளிடம், டீக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "இருவது நிமிஷம் ஆவும்" என்றார். மேலே வந்து டைப் அடித்தேன்: நீராவி வால்வை மூடிய பின் இருபது நிமிடம் காத்திருக்கவும். அழுத்தமானியின் முள் பூஜ்ஜியத்தில் நிற்பதைப் பார்த்த பின்பே மூடியைத் திறக்கவும். நான் அதுவரை எழுதியதிலேயே தெளிவான வரிகள் அவைதான். டைப் அடித்து முடித்ததும் அப்படி ஒரு எண்ணம் வந்தது என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. சுவரில் இருந்த தாளையும் மாற்றினேன். பழையதைக் கிழித்துப் போட்டேன். அந்த அறையில் இருந்த யாராலும் இரண்டு தாளுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. சூப்பர்வைசரால் சொல்ல முடியும், ஆனால் தாளில் காத்திருக்கச் சொல்லியிருந்தால் திறக்கச் சொன்னது அவர்தான் என்று யாரும் நம்பமாட்டார்கள், அவருக்கு அது சாதகம். தமிழில் எழுதியிருந்தால் என்னால் அதை மாற்றியிருக்க முடியாது. அதிலும் எனக்குப் பிறகுதான் புத்தி வந்தது.

விசாரணை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. தாளை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். இருபது நிமிடம் காத்திருக்கச் சொல்லி இருக்கிறது, நீ காத்திருக்கவில்லை, உன் கையெழுத்துதானே இது என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றிருக்கிறார். அவருடைய கவனக்குறைவு என்று முடிவானது. வேலை போயிற்று. கம்பெனியிடமிருந்து அவருக்கு வர வேண்டிய எதுவும் வரவில்லை. அந்த வருடமே எனக்குத் தனி மேசை போட்டார்கள், கதவில் பதவியின் பெயர் எழுதினார்கள். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. உன் அப்பாவுக்கு வேன் ஓட்டும் வேலை நிலையாகாத சமயம். வேலையை விட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் வேலையை விடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த வரியை அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லிப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் நல்ல வேலைக்காரி ஆனேன். இது உனக்குப் புரிய வேண்டும், ஏனென்றால் நீ என்னிடம் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. உட்கார்ந்த இடத்தில் எழுதுவதை விட்டேன். எந்த இயந்திரமானாலும் அதன் முன் ஒரு முழு ஷிப்ட் நின்று பார்த்தேன். "இதுக்கும் அதுக்கும் நடுவுல இன்னா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதை முதலில் எழுதிக்கொண்டேன். தமிழில் எழுதினேன். எழுதியதை, அந்த வேலையைச் செய்பவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லி, அவர் எங்கே தடுக்கிறாரோ அங்கே திருத்தினேன். இரண்டு கம்பெனி மாறினேன். இந்த ஊரில் என் ஆவணங்களுக்கு ஒரு பெயர் உண்டு, தெரியும் உனக்கு. நீ வேலைக்குப் போகும் முன் நம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து இந்தக் கேள்வியை உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். "எப்படிம்மா இத கண்டுபுடிச்சே?" என்று கேட்டாய். அனுபவம் என்றேன். ஒரு மனிதருடைய வலது கை வெந்துபோனதை அந்த ஒற்றைச் சொல்லில் சுருக்கி உன்னிடம் கொடுத்தேன்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்காமல் இல்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிறார், விரல்கள் மடங்குவதில்லை, அவர் மனைவி லூர்து அக்கா மார்க்கெட்டில் மீன் விற்கிறார் என்று தெரியும். பதினாறு வருடமாக நான் மீனை வேறு இடத்தில் வாங்குவதற்கு அதுதான் காரணம். அங்கேதான் சுத்தம் என்று உங்களிடம் சொல்லிவைத்திருந்தேன்.

நேற்று, புதன்கிழமை, லீவு போட்டுவிட்டு அந்த மார்க்கெட்டுக்குப் போனேன். உன் அப்பாவிடம் மட்டும் முதல்நாள் சொன்னேன். அவர் "வண்டியில கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று ஆட்டோவில் போனேன். காலைக் கூட்டம் குறைந்திருந்தது. லூர்து அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அண்ணனை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது கம்பெனி சார்பில் பழம் வாங்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி.

"டைப்படிக்கற பொண்ணுதான நீ? வழி தவறிப் போச்சா?"

அண்ணனிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். பக்கத்துக் கடைக்காரியிடம் தராசைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய் அவரைக் கூட்டிவந்தார். கன்னத்துத் தோல் ஒரு பக்கம் வழவழவென்று இழுத்திருந்தது. "வாம்மா, புள்ள எப்பிடி இருக்கறான்? அப்போ ஸ்கூல் சேத்தியே" என்றார். உன்னை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். டீயை எழுதாமல் விட்டதை, பிறகு வரியைச் சேர்த்ததை, தேதியை, சுவரில் மாற்றியதை, பழையதைக் கிழித்ததை. முதலில் பேசியது லூர்து அக்காதான்.

"பதினாறு வருசம் கழிச்சி வந்து சொல்றே. பாவமன்னிப்பு வேணும்னா கோயிலுக்குப் போ, சாமியார் உக்காந்துகினு இருப்பாரு. இங்க இன்னாத்துக்கு வந்தே? இங்க மீனுதான் இருக்குது."

"நீ சும்மா இரு" என்றார் சகாயம் அண்ணன். அவர் என்னைத் திட்டுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"அந்த பேப்பர்ல அந்த இருவது நிமிஷம் இல்லவே இல்லியா?"

"இல்லண்ணே."

"நான் கையெழுத்து போட்டப்ப?"

"இல்ல. நீங்க தொறந்த அன்னிக்கும் இல்ல. அப்பறம் நான் சேத்ததுதான்."

அவர் மெல்லச் சொன்னார். "படிச்சிக் காட்டனாங்களா, அதக் கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே யோசனை. நான்தான் ஒழுங்கா கேட்டுக்காம கையெழுத்து போட்டுட்டேன் போலன்னு. இத்தினி வருசம் அண்டாவ கழுவன ஆளு, இது தெரியாமப் போச்சேன்னு. எம்பொண்ணுகிட்டகூட சொல்லிவெச்சிகினு இருக்கறேன், படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத, அப்பன் மாதிரி முட்டாளா இருக்காதன்னு." நிமிர்ந்து லூர்து அக்காவைப் பார்த்தார். "கேட்டியா? நான் சரியாதான் செஞ்சிருக்கறேன்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

தம்பி, வேலை போனதையும் கை போனதையும்தான் நான் இத்தனை வருடம் கணக்கில் வைத்திருந்தேன். இது எனக்குத் தெரியாது. நான் டைப் அடித்த இரண்டு வரி, தன் வேலை தனக்குத் தெரியும் என்ற ஒரு மனிதரின் நம்பிக்கையைப் பதினாறு வருடம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. தன் மகளிடம் தன்னை முட்டாள் என்று அவரே சொல்லும்படி செய்திருக்கிறது.

"எழுதிக் குடு" என்றார். "உனக்குதான் எழுத வருமே. தமிழ்ல எழுது." மார்க்கெட் வாசலில் இருந்த கடையில் வெள்ளைத் தாள் வாங்கி, அங்கே கிடந்த ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து எழுதினேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினேன். அவர் வாங்கி, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி, வாய்விட்டுப் படித்தார். காத்திருக்கும் நேரம் எனக்குத் தெரியாமல் விடுபட்டது என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். அங்கே நின்றார்.

"தெரியாமயா? நான் சொன்னனே. டீக்குப் போவோம்னு சொன்னனே."

அந்த வரியை அடித்துவிட்டு, சகாயம் சொன்னார், நான் எழுதவில்லை என்று எழுதினேன். மறுபடி படித்தார். தலையசைத்தார். நேற்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பொண்ணுகிட்ட காட்டணும்" என்றார். இதை வைத்து வேறு எதுவும் செய்யப்போகிறீர்களா என்று கேட்டேன். "அது என் இஷ்டம்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, எதையாவது வாங்க வேண்டும் போல இருந்தது, கூடையைப் பார்த்தேன். "உனக்கு இங்க மீன் இல்ல, போ" என்றார் லூர்து அக்கா.

இன்று காலை என் இப்போதைய மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். தேதி மாற்றியவள் என்று தெரிந்த பிறகு இந்தத் தொழிலில் ஒருத்தியை வைத்துக்கொள்வது எளிதல்ல. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். என்ன சொல்வார் என்று தெரியாது. வீடு என்ன ஆகும் என்று நீ கணக்குப் போடாதே. அப்பா இருக்கிறார், எனக்கு நாற்பத்திரண்டு வயதுதான் ஆகிறது, டைப் அடிக்க இன்னும் விரல்கள் இருக்கின்றன. எனக்காக என்று சொல்லிக்கொண்டு நீ எதையும் செய்துவிடக் கூடாது. உனக்காக என்று சொல்லிக்கொண்டுதான் நான் செய்தேன்.

திங்கட்கிழமைக்காக அந்த வரியைப் பழைய தேதியில் சேர்க்காதே, சேர்த்துவிட்டிருந்தால் எடுத்துவிடு. புது வரியைப் புதுத் தேதியில் எழுது, அது எழுதப்பட வேண்டிய வரிதான், நாளை அங்கே நிற்கப்போகிறவளுக்கு அது வேண்டும். விரல் போன அந்தப் பெண் கையெழுத்துப் போட்ட தாள் எந்தப் பக்கங்களோடு இருந்ததோ அந்தப் பக்கங்களோடே இருக்கட்டும். அந்தப் பெல்ட்டை இத்தனை நாளும் எப்படித் துடைத்தார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் கேள், அவள் சொல்வதைச் சொல்கிறபடியே எழுதிக்கொள், எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டு. உன்னை வேலையை விட்டு அனுப்பலாம். அனுப்பமாட்டார்கள் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. அனுப்பினால் வீட்டுக்கு வா.

அதட்டிக் கேட்பார்கள், எட்டு மாத அனுபவத்தில் உனக்கு யார் இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது என்று. உன் அம்மாவும் இதே தொழிலில்தானே இருக்கிறாள், அவள் செய்ததே இல்லையா என்றும் கேட்கலாம். செய்திருக்கிறாள் என்று சொல். யாருக்குச் செய்தாள் என்பதையும் சொல். என் பெயரைக் கேட்டால், மறைக்காமல் முழுப் பெயரையும் சொல்.

அம்மா